உங்களுக்குத் தெரியுமா? வெயிலில் அசையாமல் நின்ற மீன்காரிகள்
எடின்பரோவை ஒட்டிய நியூஹேவன் மீனவக் கிராமத்தை 1840-களிலேயே படம் பிடித்துவிட்டார்கள். ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் ராபர்ட் ஆடம்சனும் கூட்டாகச் செய்த வேலை அது. அப்போது பிலிம் ஏது? வெள்ளி உப்பு ஏற்றிய காகிதம்தான் நெகடிவ். நல்ல வெயில் இருந்தாலும் படம் பதியும்வரை ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். கோடு போட்ட பாவாடையும் மீன்கூடையுமாக அந்தப் பெண்கள் பல படங்களில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்பது வெறும் பாசத்தால் அல்ல, அசையாமல் நிற்கவும்தான்! இந்தக் கூடையை முதுகில் சுமந்துதான் எடின்பரோவில் மீன் விற்றார்கள். காகித நெகடிவ் முறையைக் கண்டுபிடித்த டால்பட் அதற்கு இங்கிலாந்தில் வாங்கியிருந்த காப்புரிமை ஸ்காட்லாந்தில் செல்லவில்லை. அதனால் ஹில், ஆடம்சன் இருவருக்கும் கட்டணச் செலவு மிச்சம். அந்த ஓட்டை இல்லாவிட்டால் இத்தனை படங்கள் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. 1848-இல் ஆடம்சன் இறந்தபோது வயது 26.