இரவு எட்டு மணிக்கு சர்வரை யார் நிறுத்துவது?

வாரத்துக்கு 168 மணி நேரம். சோதனைக்காக வாடகைக்கு எடுத்த சர்வர்களில் ஒரு குழு உண்மையில் வேலை செய்வது, ஐந்து நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று தாராளமாகப் போட்டாலும் 50 மணி நேரம்தான். மீதி 118 மணி நேரமும் அவை சும்மா ஓடுகின்றன, பில் ஏறுகிறது. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் பிரவுசர் வழியாக உள்ளே போய், ஒவ்வொரு சர்வராகத் தேடி டிக் அடித்து நிறுத்தலாம். இரண்டு நாள் ஒழுங்காகச் செய்வோம். மூன்றாம் நாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

இதைக் கம்ப்யூட்டரிடமே ஒப்படைக்க ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ என்ற இலவசக் கருவி இருக்கிறது. மவுஸால் செய்யும் வேலையை டெர்மினலில் ஒரு வரிக் கட்டளையாக டைப் செய்யலாம். அந்த வரிகளை ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் அதுதான் ஸ்கிரிப்ட்.

நிறுவுவது சுலபம். 2020-ல் வெளிவந்த இரண்டாம் பதிப்பை ஏடபிள்யூஎஸ் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். பைத்தானின் பிப் வழியாகப் போட்டால் பழைய முதல் பதிப்புதான் வரும்.

நீங்கள் யார் என்று கருவிக்குச் சொல்வதில்தான் கவனம் வேண்டும். பிரவுசரில் கேட்கும் பாஸ்வேர்டுக்குப் பதிலாக இங்கே இரண்டு கீ: 20 எழுத்தில் ஓர் அடையாளக் கீ, 40 எழுத்தில் ஒரு ரகசியக் கீ. ரகசியக் கீயை உருவாக்கும்போது திரையில் ஒரே ஒரு முறைதான் காட்டும். தவறவிட்டால் அதை அழித்துவிட்டு வேறு எடுக்க வேண்டியதுதான். அக்கவுண்ட் தொடங்கிய ரூட் பயனர் பெயரில் மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தக் கீ வெளியே போனால் அக்கவுண்டே போன மாதிரி. யாருக்கு என்ன அனுமதி என்பதைக் கவனிக்கும் ஐஏஎம் பகுதியில் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, சர்வர்களைப் பட்டியலிடவும் நிறுத்தவும் தொடங்கவும் மட்டும் அனுமதி கொடுங்கள். அழிக்கும் அனுமதி வேண்டாம். நிறுத்திய சர்வர் திரும்ப வரும், அழித்தது வராது.

‘ஏடபிள்யூஎஸ் கன்ஃபிகர்’ என்று கட்டளையிட்டால் நான்கு கேள்விகள் வரும். முதல் இரண்டும் கீக்களைக் கேட்கும். அந்த இரண்டு பதில்களும் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ஒரு சிறிய ஃபைலில் போய் உட்காரும். அந்த ஃபைலை ஒரு முறை நோட்பேடில் திறந்து பாருங்கள். ரகசியக் கீ எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே எழுதியிருக்கும். அதனால்தான் கீயை ஸ்கிரிப்டுக்குள் எழுதி கிட்ஹப்பில் ஏற்றக் கூடாது. இப்படிச் சிந்தும் கீக்களைப் பொறுக்கவே அங்கே ரோபோ நிரல்கள் அலைகின்றன. கிடைத்த கீயை வைத்து கிரிப்டோ நாணயம் எடுக்கப் பெரிய சர்வர்களைத் திறப்பார்கள், பில் உங்களுக்கு வரும். உங்கள் அலுவலகத்தில் ஐஏஎம் ஐடென்டிட்டி சென்டர் இருந்தால் பிரவுசரில் லாகின் செய்து, சில மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிகக் கீயை வாங்கிக்கொள்ளலாம். அந்த வசதி இருக்கும்போது நிரந்தரக் கீ எதற்கு?

மூன்றாவது கேள்வி ரீஜன், அதாவது சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பது. 2016-ல் திறந்த மும்பைக்கு ‘ஏபி-சவுத்-1’, 2022-ல் வந்த ஐதராபாத்துக்கு ‘ஏபி-சவுத்-2’. யாரோ எழுதிய உதாரணத்தைப் பார்த்து அமெரிக்காவின் வர்ஜீனியாவைப் போட்டுவிட்டு, மும்பையில் இருக்கும் சர்வர்களைத் தேடுகிறவர்கள் நிறைய. பட்டியல் காலியாக வரும், நெஞ்சு திக்கென்கும். ஒன்றும் தொலையவில்லை, தேடுகிற ஊர்தான் தப்பு. நான்காவது கேள்வி விடை எந்த வடிவில் வேண்டும் என்பது. அதை அப்படியே விட்டுவிடலாம்.

எந்த வேலைக்கும் முன்னால் ‘எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி’ கட்டளையைக் கொடுங்கள். 12 இலக்க அக்கவுண்ட் எண்ணும் உங்கள் பயனர் பெயரும் வரும். சோதனைக்கு ஓர் அக்கவுண்ட், வாடிக்கையாளர்கள் பயன்படுத்துவதற்கு இன்னொன்று என்று வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் தனி புரொஃபைல் பெயர் வையுங்கள், ‘டீஃபால்ட்’டைக் காலியாக விடுங்கள் என்பேன். பெயர் சொல்லாமல் கட்டளையிட்டால் வேலை நடக்காது, பிழைதான் வரும். அந்தப் பிழை நல்லது. நீளமான விடை வந்து திரை நின்றுவிட்டால் பயப்படாதீர்கள். ‘க்யூ’ எழுத்தைத் தட்டினால் வெளியே வந்துவிடலாம்.

இனி ஸ்கிரிப்ட். நிறுத்தலாம் என்று முடிவான சர்வர்களுக்கு மட்டும் முதலில் ஒரு டேக் ஒட்டுங்கள். அந்த டேக் உள்ளவற்றில் ஓடிக்கொண்டிருப்பவற்றின் எண்களை ஒரு வரி எடுத்துத் தரும், அடுத்த வரி அவற்றை நிறுத்தும். நடுவில் ஒரு சோதனை வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் நிறுத்தும் கட்டளை பிழை சொல்லி நிற்கும், ஆகவே காலி என்றால் பேசாமல் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் முறை நிறுத்தும் வரியில் ‘டிரை-ரன்’ சேர்த்து ஓட்டுங்கள். எதையும் தொடாமல், அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அனுமதி இருந்தாலும் ‘எரர்’ என்ற சொல்லோடுதான் ஒரு வாக்கியம் வரும். முழுவதும் படியுங்கள், உண்மையில் ஓட்டியிருந்தால் வேலை நடந்திருக்கும் என்பதுதான் அதன் பொருள். புதியவர்கள் பலர் அந்தச் சொல்லைப் பார்த்தே கீயை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஸ்கிரிப்டைத் தினமும் ஓட வைக்க லினக்ஸில் கிரான் இருக்கிறது; அதை ஒரு கிளவுட் சர்வரிலேயே வைக்கலாம். கிளவுட் சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும், நம் இரவு 8 மணி அதற்குப் பகல் 2.30. அந்தக் கிரான் ஓடும் சர்வருக்கு நிறுத்தும் டேக் ஒட்டியிருக்கக் கூடாது, ஒட்டினால் அது தன்னையே நிறுத்திக்கொள்ளும். அந்த சர்வருக்கு ஐஏஎம் ரோல் ஒன்றை இணைத்துவிட்டால் அங்கே கீ ஃபைலே தேவையில்லை.

நிறுத்திய பிறகும் பில் பூஜ்யமாகாது. சர்வர் ஓடும் கட்டணம் நிற்கும், டிஸ்க் வாடகையும், எலாஸ்டிக் ஐபி என்ற மாறாத பொது முகவரி எடுத்திருந்தால் அதன் வாடகையும் தொடரும். எலாஸ்டிக் ஐபி இல்லாத சர்வர், காலை 9 மணிக்கு, அதாவது யுடிசி 3.30-க்கு, இன்னொரு ஸ்கிரிப்ட் எழுப்பும்போது புதிய பொது முகவரியோடு எழுந்திருக்கும். பழைய முகவரியை எங்கெல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பதை முதல் நாள் மாலையே தேடிப் பார்த்துவிடுங்கள்.