இருவருக்கும் விடை 35

52-இல் 27 போனால் எவ்வளவு? மூன்றாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் 35 என்று எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்துவிடலாம். ஆனால் "எப்படிப் போட்ட, சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் விஷயம் தெரியும். இரண்டில் ஏழு போகாதே என்று ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள் ஒருத்தி. இன்னொருவன் முறையாகக் கடன் வாங்கி, 12-இல் 7 போக 5 என்று எழுதியவன். கடன் கொடுத்த ஐந்து நான்காகிவிட்டதை மறந்துவிட்டான். அவனுக்கு ஒரு நினைவூட்டல் போதும். அவளுக்கு இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

பாடம் நடக்கும்போதே இப்படிக் கேட்டறிந்து, அதற்கேற்ப மறுநாள் பாடத்தை மாற்றுவதுதான் வளரறி மதிப்பீடு. தமிழ்நாட்டில் 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையோடு வந்தது. ஒவ்வொரு பருவத்திலும் இதற்கு 40 மதிப்பெண். பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இன்னும் ஓரடி முன்னே போய், பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்தச் சொன்னது.

அந்த 40 மதிப்பெண்தான் எனக்கு உறுத்தல். எண்ணாக மாறியதும் அது பதிவேட்டில் ஏறும் கணக்காகிவிடுகிறது. உளவியலாளர் ரூத் பட்லர் இஸ்ரேலில் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. திருத்தக் குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள்; அதே குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்த பிள்ளை குறிப்பைப் படிப்பதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஏழிலிருந்து இரண்டைக் கழித்தவளுக்கு இடமதிப்பைக் காட்ட, அரியலூர் மாவட்டத்தில் உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்துப் பள்ளிக்குப் பெரிய செலவு வேண்டாம். எண்ணுவதற்கு முந்திரிக்கொட்டை இங்கே தாராளம்; ஆனால் ஓட்டின் எண்ணெய் பட்டால் பிஞ்சுக் கை புண்ணாகிவிடும், அது வேண்டாம். புளியங்கொட்டை போதும். பத்துப் பத்தாக ஐந்து சிறு பைகளில் கட்டி, உதிரியாக இரண்டை வைத்து, "இருபத்தேழு கொடு" என்று கையை நீட்டுங்கள். இரண்டு பையை எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஏழுக்கு உதிரி பத்தாது. இன்னொரு பையை அவிழ்த்தே ஆக வேண்டும். அவிழ்த்த பை இனி பையில்லை என்பதை அவள் கையே அவளுக்குச் சொல்லும்.

மறுநாள் இருவருக்கும் 61-இல் 38. விடை 37 என்றால் இன்னும் தலைகீழாகவே கழிக்கிறார்கள். 33 என்றால் கடன் மறந்திருக்கிறது. 23 வந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.