சுடும் சாலையும் மரநிழலும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் இதில் நடக்கிறார்கள், பலர் வெறுங்காலுடன். 2015-16-இல் இப்பாதையை அகலப்படுத்தும் பணிக்காக ஓரத்து மரங்கள் வெட்டப்பட்டன. மக்கள் எதிர்த்தனர், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுப் பணியை நிறுத்திவைத்தது. நெரிசல் குறையச் சாலை அகலமாவது நல்லதுதானே? பிறகு மரத்துக்காக ஏன் இத்தனை கவலை?

புதுத் தார்ச்சாலை தன்மீது விழும் சூரிய ஒளியில் 100-க்கு 90 பங்குக்கு மேல் உட்கவர்கிறது. கோடை நண்பகலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. பகலில் சேர்ந்த வெப்பத்தைச் சூரியன் மறைந்த பின்னும் அது வெளிவிடுகிறது. முன்னிரவில் நடப்பவரின் பாதம் சுடுவது இதனால்தான்.

மரம் நிழல் தருவதோடு நிற்பதில்லை. அதன் இலைகளிலிருந்து நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் இலையிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுக்கப்படுவதால் இடம் குளிர்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே.

நீங்களே சோதித்துப் பாருங்கள். பிற்பகல் 3 மணிக்குப் பள்ளி முற்றத்தில், வெயில் பட்ட சிமென்டுத் தரையிலும் மரநிழல் தரையிலும் ஆய்வக வெப்பமானியை வைத்து அளவுகளைக் குறியுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வேண்டாம்; உடைந்துவிடும்!

பாதையோரம் இளநீர் விற்பவருக்கு அந்த நிழலே கூரை. நட்ட கன்று நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். வெட்ட அரைமணி போதும். சாலையின் அகலத்தை அளப்பவர்கள் அதன் நிழலையும் அளக்க வேண்டும் அல்லவா?