வேரில் இருந்த இயக்குநர்கள்

நிர்வாகவியல் கட்டுரைக்காக 1855ஆம் ஆண்டின் வரைபடம் ஒன்றைத் தேடி அலைந்தேன். அமெரிக்காவின் நியூயார்க் அண்ட் ஈரி ரயில் நிறுவனத்துக்காக டேனியல் மெக்கலம் உருவாக்கியது. நவீன நிறுவனங்களின் முதல் அமைப்பு விளக்கப்படம் என்று பலரும் கருதுவது அதைத்தான்.

புத்தகங்களில் அதைப் பற்றிய பேச்சு இருந்தது, படம் இல்லை. இணையத்தில் ஆய்வு உதவி செய்பவர் ஒருவருக்கு 40 வெள்ளி கொடுத்தேன். இரண்டே நாளில் படம் வந்தது. உச்சியில் இயக்குநர் வாரியம், அடியில் ஊழியர்கள். ‘அதிகாரம் மேலிருந்து இறங்குகிறது’ என்று கட்டுரையும் எழுதிவிட்டேன்.

எங்கள் நூலகர் படத்தைப் பார்த்துவிட்டு, “மூலம் எங்கே இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பணம் வாங்கியவரிடமும் இல்லை.

நூலகருடன் உட்கார்ந்து தேடினேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளத்தில் மூலப்படம் இலவசமாகவே கிடைத்தது! அது ஒரு செடிபோல் படர்ந்திருந்தது. இயக்குநர்கள் இருந்தது அடியில், வேர்ப்பகுதியில். ரயில் பாதைகள் கிளைகளாக மேலே விரிந்தன. 50 மைல் பாதையை ஒருவரே கவனிக்கலாம், 500 மைலுக்கு முறையான அமைப்பு வேண்டும் என்பது மெக்கலமின் வாதம். எனக்கு வந்ததோ யாரோ தலைகீழாக மாற்றி வரைந்த படம்.

கட்டுரையை முதலிலிருந்து எழுதினேன்.

காசு கொடுத்து உதவி பெறுவதில் தவறில்லை, நண்பர்களே. ஆனால், “இது எங்கிருந்து வந்தது?” என்ற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். அதற்கு முன், நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.