தீக்குழம்பு சூழ்ந்த கோவில்

இந்துமகா சமுத்திரத்தில் மடகாஸ்கருக்குக் கிழக்கே ரெயூனியன் என்னும் பிரெஞ்சுத் தீவு உள்ளது. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற தமிழரின் சந்ததியார் இன்றும் அங்கே வாழ்கின்றனர்.

அதன் கிழக்குக் கரையில் அமைதியான சிற்றூர்கள். பின்னே 2,632 மீட்டர் உயர எரிமலை. இம்மலையின் குழம்பு பெரும்பாலும் வெடித்துச் சிதறுவதில்லை. இளகிய நிலையில் சரிவைப் பார்த்து ஓடும். 1977 ஏப்ரலில் அது பித்தோன் செந்த் ரோஸ் என்ற ஊருக்குள் இறங்கியது. மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிர் தப்பினர். வீடுகள்தாம் பாவம், எரிந்தன. கோவிலையோ குழம்பு இருபுறமும் சூழ்ந்து, வாசலில் நுழைந்த மாத்திரத்தில் நின்றுவிட்டது! புதுமை என்றனர் ஊரார். அது முதல் அதற்குத் 'தீக்குழம்பு மாதா கோவில்' என்று பெயர்.

இன்று செல்வோர் அக்கோவிலைச் சுற்றி உறைந்த கரும்பாறையைக் காணலாம். பக்கத்திலேயே மறுபடியும் வீடுகள்.