மூன்று விநாடி பொறுங்கள், டீச்சர்

கொழும்பு மட்டக்குளியில் கடைசி இரண்டு பாடவேளையை எந்த ஆசிரியரும் விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை. களனி கங்கை கடலில் விழும் இடம் பக்கத்தில்தான், ஆனால் பன்னிரண்டு மணிக்குப் பிறகு வகுப்பறைக்குள் காற்று வராது. துறைமுகத்துக் கொள்கலன் லொறிகளின் இரைச்சல் மட்டும் யன்னல் வழியே வரும். நாற்பது பிள்ளைகள். பின்வாங்கில் இருவர் முழங்கையால் இடித்துக்கொள்கிறார்கள். நடுவில் ஒருவன் மேசையில் தலையைக் கவிழ்த்திருக்கிறான். யன்னலோரத்தில் ஒரு பிள்ளை கொப்பியைத் திறந்து வைத்து நேராக உட்கார்ந்திருக்கிறாள். தவணை தொடங்கியதிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை.

இடித்துக்கொண்ட இருவரைப் பற்றி அதிபருக்கு முறைப்பாடு போகும். தூங்கியவன் ஏச்சு வாங்குவான். பேசாத பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையில் ‘அமைதியானவர்’ என்று பாராட்டாக எழுதப்படும். எனக்கு அதிகம் கவலை தருபவள் அவள்தான். குழப்படி செய்கிறவன் எப்படியோ ஆசிரியரின் கண்ணில் பட்டுவிடுகிறான். இவள் க.பொ.த. சாதாரண தரம் வரை யார் கண்ணிலும் படாமலே போய்விடக்கூடும்.

அடியாத மாடு படியாது என்று சொல்லும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள், ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடுக்கிறது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. தென் மாகாணப் பாடசாலையொன்றில் ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவி பாதிக்கப்பட்ட வழக்கு அது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை தரும் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, நட்டஈடும் வழங்க உத்தரவிட்டது. சட்டம் பிரம்பை வாங்கிக்கொண்டது, நல்லது. ஆனால், பிரம்பை வைத்துவிட்ட ஆசிரியருக்கு வேறு என்ன கொடுத்தோம்? நாற்பது பேருக்கு முன்னால் அவர் வெறுங்கையோடு நிற்கிறார்.

கொடுப்பதற்கு நிறையவே இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் ஒரு நூல் வெளியிட்டார். குழப்படி நடந்த பின் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில் நல்ல வகுப்புக்கும் மோசமான வகுப்புக்கும் பெரிய வேறுபாட்டை அவரால் காண முடியவில்லை. குழப்படி தொடங்குவதற்கு முன் நடப்பதில்தான் வேறுபாடு இருந்தது: வகுப்பு முழுவதும் ஆசிரியரின் பார்வைக்குள் இருப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடங்கல் இல்லாமல் போவது, பிள்ளைகள் சும்மா இருக்கும் நேரத்தைக் குறைப்பது. பின்வாங்குப் பக்கம் நடந்துபோய், பாடத்தை நிறுத்தாமல் அந்த இருவரின் அருகில் நின்றாலே பாதி இடிபாடு அடங்கிவிடும்.

இதைவிட எளிமையானது அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டது. கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று விஞ்ஞானப் பாடங்களின் ஒலிப்பதிவுகளை வைத்து அவர் அளந்தார். சராசரியாக ஒரு விநாடி! அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார், அல்லது தானே சொல்லிவிடுகிறார். மூன்று விநாடியோ அதற்கு மேலோ பொறுத்தபோது பதில்கள் நீண்டன. மெல்லக் கற்பவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பேசத் தொடங்கினார்கள். ஒழுக்கத்துக்காகக் குறுக்கிட வேண்டிய தேவையும் குறைந்தது. ஒரு பாடவேளையில் இருபது கேள்வி கேட்டாலும் இதனால் கூடுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்ற சமாதானத்தை இந்த இடத்தில் நான் ஏற்கமாட்டேன்.

மட்டக்குளியிலேயே ஒரு தரம் 8 வகுப்பில் உட்கார்ந்து பார்த்தேன். டீச்சர் கரும்பலகையில் எழுதினார்: ‘நிழலில் போட்டாலும் ஈரத்துணி காய்வது ஏன்?’ யாரும் கையுயர்த்த வேண்டாம் என்றார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். பிறகு எழுப்பியவர்களிடம் அவரவர் பதிலைக் கேட்கவில்லை, பக்கத்துப் பிள்ளை என்ன சொன்னது என்று கேட்டார். ஒரு பையன் எழும்பினான்.

“டீச்சர், இவ சொல்றா, இவங்கட ப்ளட்ஸ்ல வெயிலே வராதாம். காத்து அடிச்சா உடுப்பு காஞ்சிருமாம்.”

‘காற்று’ என்று பலகையில் பெரிதாக எழுதினார் டீச்சர். ஆவியாதல் பாடம் அந்தச் சொல்லிலிருந்து தொடங்கியது. அந்தப் பிள்ளை எழுந்து நிற்கவில்லை, நாற்பது முகங்களைப் பார்த்துப் பேசவும் இல்லை. அடுத்த கேள்விக்கு அவளே மெதுவாகப் பதில் சொன்னாள். யோசி, சோடியாகப் பேசு, எல்லோரிடமும் சொல் என்ற இந்த முறையை 1981இல் வகுத்தவர் அமெரிக்கக் கல்வியாளர் பிராங்க் லைமன். இதற்குச் சாக்குக் கட்டியும் கொப்பியும் போதும்.

பேசாததற்குக் காரணம் எப்போதும் கூச்சமாக இருக்காது. வீட்டில் தமிழும் சிங்களமும் கலந்து பேசும் பிள்ளைக்கு விடை தெரிந்திருக்கும், புத்தகத் தமிழில் சொல்லத்தான் வராது. முதல் பதிலை வீட்டுப் பேச்சிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். திருத்தம் பிறகு பார்க்கலாம். தூங்குகிறவன் ஒற்றை அறை வீட்டில் இரவு எத்தனை மணிக்குப் படுத்தான் என்று ஏசுவதற்கு முன் தனியாக விசாரிக்க வேண்டும். கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பலகையில் இருப்பது தெரியாத பிள்ளை கவனமில்லாத பிள்ளையாகவே நமக்குத் தோன்றும்.

எல்லாப் பிள்ளைக்கும் இடம் கொடுப்பதற்கு முன்மாதிரியும் உண்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் எழுதுவதற்குச் சுவரின் அடியில் தாழ்வான கரும்பலகை இருந்தது. நம் தரம் 8க்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் எழுத ஓரிடம் என்ற ஏற்பாட்டைக் கொப்பியின் கடைசிப் பக்கம் செய்துவிடும்.

இன்னொரு சின்ன வேலை. இடாப்பில் வரவு குறிக்கிறோம், யார் பேசினார்கள் என்று எங்கும் குறிப்பதில்லை. தனியாக ஒரு தாளில் பெயர்களை எழுதி, ஒரு வாரம் பேசியவர்களுக்கு நேரே புள்ளி வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை புள்ளியில்லாமல் இருக்கும் பெயர்களை, திங்கட்கிழமை சோடி பிரிக்கும்போது முதலில் எடுங்கள்.