ஐந்தெழுத்துக் காட்சிசாலை

(பழைய ஆட்டங்கள், புதிய பெட்டிகள் — 9)

பழைய வீடியோ கேம்களின் தொகுப்புகளை ஒரு ஸ்தாபனத்தைச் சேர்ந்தவை, ஒரு கதாபாத்திரத்தைச் சேர்ந்தவை, ஒரு தொடரைச் சேர்ந்தவை என்று மூவகையாகப் பிரித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இல்லாதவர்கள் சென்ற இதழைத் தேடி எடுப்பார்களாக. மூன்றாம் வகையான 'ஃபைனல் ஃபேண்டஸி' பெட்டிகளின் பெயர்ச் சிக்கலை இந்த வாரம் அவிழ்ப்பதாக வாக்களித்திருந்தேன். ஆனால் முதல் வகைக்கு ஓர் உதாரணத்தைச் சரிபார்க்கப் போன இடத்தில், ஜப்பானிய ஸ்தாபனமான நாம்கோ என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

1995-இல் தொடங்கி, சோனியின் பிளேஸ்டேஷனுக்காக அது வெளியிட்ட வரிசைக்கு 'நாம்கோ மியூசியம்' என்று பெயர். பாக்-மேன், கலாகா, போல் பொசிஷன் முதலிய, காசு போட்டு ஆடிய காலத்து ஆட்டங்களை ஒரே தட்டில் அடக்கித் தருவதோடு திருப்தியடையாமல், ஆடுகிறவர் திரையிலேயே ஒரு காட்சிசாலைக்குள் புகுந்து, அறை அறையாக நடந்து, அக்காலத்து விளம்பரத் தாள்களை நிதானமாகப் பார்வையிட்டு, அதன் பின் தமக்கு வேண்டிய ஆட்டத்தைத் தொடங்கும்படி அமைத்திருந்தார்கள் ஆகையால், பெயர் வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை.

பெயரைக் காட்டிலும் என்னை வசீகரித்தது பாகங்களின் கிரமந்தான். பாகங்கள் ஐந்து; ஒவ்வொன்றின் அட்டையிலும் பெரியதாக ஓர் ஆங்கில எழுத்து; ஐந்தையும் வரிசையாக அடுக்கினால் என், ஏ, எம், சி, ஓ என்று ஸ்தாபனத்தின் பெயரே எழுந்து நிற்கும்! பஞ்சாட்சரத்தை ஓதுவதற்குக் காசு வேண்டாம். இந்த ஐந்தெழுத்தையோ ஐந்து முறை விலை கொடுத்தால்தான் முழுவதும் உச்சரிக்க முடியும். நான்கோடு நிறுத்திக்கொண்டவருடைய அலமாரியில் நாம்கோ அங்கஹீனமாகவே காட்சியளிக்கும். 1997-இல் ஆறாவது தொகுப்பும் வந்தது. எழுத்துத்தான் தீர்ந்துவிட்டதே! அதற்கு எண்ணும் தராமல், 'நாம்கோ மியூசியம் ஆன்கோர்' என்று நாமகரணம் செய்து, ஜப்பானுக்குள்ளேயே விற்று முடித்தார்கள்.

இத்தனை சிரத்தையோடு வளர்ந்த கிரமம் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. 2001-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த பெட்டியில் எழுத்துமில்லை, எண்ணுமில்லை. மொட்டையாக 'நாம்கோ மியூசியம்'. உள்ளே மிஸ் பாக்-மேன், கலாகா, கலாக்ஸியன், போல் பொசிஷன், டிக் டக் ஆகிய ஐந்தும் இருக்க, ஸ்தாபனத்துக்கே கீர்த்தி தேடித் தந்த பாக்-மேனைக் காணோம்! அவர் அதே கருவியில் 'பாக்-மேன் கலெக்ஷன்' என்று தனிக் குடித்தனம் போயிருந்தார். அதாவது, நம் முதல் வகையில் இருக்கவேண்டிய நாயகர் இரண்டாம் வகைக்குக் குடிபெயர்ந்துவிட்டார். ஆகவே, தொகுப்புகளுக்கு அட்டவணை எழுத முற்படுகிறவர்கள் பெயரை மட்டும் நம்பாமல், கருவியையும் ஆண்டையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்வது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

தேசத்தையும் குறிக்க வேண்டும். 'ஃபைனல் ஃபேண்டஸி ஆந்தாலஜி' என்ற பெட்டியை 1999-இல் அமெரிக்காவில் வாங்கியவருக்கு ஐந்தாம், ஆறாம் ஆட்டங்கள் கிடைத்தன. 2002-இல் அதே பெயரை நம்பி ஐரோப்பாவில் வாங்கியவருக்கோ நான்கும் ஐந்தும். அச்சகத்தார் அவசரப்படுத்துவதால், அந்த வழக்கின் விசாரணை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

(தொடரும்)